ஒண்டிக்கட்டை

விளக்கும் குழாயும் இல்லாத அந்த மலை ஏரிக்கரையில் சபேசன் வருடந்தோறும் தனியாகப் போய்க் கூடாரமடித்துத் தங்குவார். அவர் இறந்த மூன்றாம் மாதம், மனைவி தமயந்தி முதன்முதலாக அங்கே வந்தாள். கூடாரத்தை அவளால் நிறுத்தவே முடியவில்லை. வனக்காவலர் மாதன்தான் வந்து கயிற்றை இழுத்துக் கட்டினார்.

“இது சபேசன் சார் கூடாரமாச்சே. அவர் வரலையா?”

“தவறிட்டாரு.”

மாதன் அப்படியே ஈரத்தரையில் உட்கார்ந்துவிட்டார். “பாவம், ஒண்டிக்கட்டை. பொண்டாட்டி, புள்ளைன்னு யாருமே இல்லைன்னு சொல்லுவாரு.”

இருபத்தாறு வருடமாக, ஒவ்வொரு முறையும் ஸ்வெட்டரை மடித்து வைத்து, புளிச்சோறு கட்டிக்கொடுத்து அனுப்பியவள் தமயந்தி.

“கொள்ளி யாரும்மா வச்சது?”

“என் பையன்.”

மாதன் எழுந்து கையெடுத்துக் கும்பிட்டார். “பெரிய மனசும்மா உங்களுக்கு.”