சிபிரி திருடின கிடா

கத்தியத் தீட்டி எடுத்துக்கிட்டு விடிஞ்சதும் தியெமோகோ வீட்டுக்குப் போறேன், கிடாவக் காணோம்.

"எங்கப்பா கிடா?"ன்னேன்.

தியெமோகோ என்னையப் பாக்காம தரையப் பாத்தான்.

புள்ள பொறந்து எட்டாம் நாளு, இன்னிக்குப் பேரு வைக்கணும். "வந்து அறுத்துக் குடுங்கண்ணே"ன்னு போன வாரமே எங்கிட்டச் சொல்லி வச்சிருந்தான். எங்க சேகு ஊர்ல பேரு வைக்கிற வீட்டுல கிடா விழலைன்னா, பேரு ஒட்டுதோ இல்லையோ, அந்த அசிங்கம் புள்ள மேல ஒட்டிக்கிடும்.

முத்தத்துல பாய் விரிச்சாச்சு. சான் ஊர்லேர்ந்து மாமனாரு பத்துப் பேரோட வந்து உக்காந்துட்டாரு. அடுப்புல சோறும் காராமணியும்தான் கொதிக்குது.

மாமனாரு மூக்க நீட்டி மோந்து பாத்தாரு.

"என்ன மாப்ள, கறி வாசனையே வரலை? எம் பொண்ணு புள்ளதானே பெத்தா, பூனையா பெத்தா?"

தியெமோகோ குனிஞ்சு அடுப்புல வெறகத் தள்ளினான். உள்ள புள்ளய மடியில வச்சிருந்த அவன் பொண்டாட்டி மொகத்தத் திருப்பிக்கிட்டா.

அந்த நேரம் பாத்து வந்தான் சிபிரி. கழுத்துல மாலை மாதிரி ஒரு ஆட்டுக் கயிறு.

"யாரும் தேடாதீங்க! கிடாவ நான்தான் ஓட்டிட்டுப் போனேன்! காராமணி தின்னிப் பயலுகளுக்குக் கறி ஒரு கேடா?"

மொத்தக் கூட்டமும் கொல்லுன்னு சிரிச்சுது.

சிபிரி டிராவோரே வம்சம். தியெமோகோ குலிபாலி வம்சம். ரெண்டுக்கும் முப்பாட்டன் காலத்துலேர்ந்து கேலி முறை. காராமணி தின்னின்னு வையலாம், தொப்பியப் புடுங்கலாம், கொதிக்கிற சட்டியத் தூக்கிட்டு ஓடலாம். கோவிச்சுக்கிட்டா, கோவிச்சவனுக்குத்தான் மானம் போகும்.

மாமனாரு தொடையில தட்டிச் சிரிக்கிறாரு. "அடத் திருட்டு டிராவோரே! மாப்ள, கோட்டை விட்டுட்டீங்களே! சரி, கிடாவத் திருப்பிக் குடுக்க என்னடா வேணும்?"

"எல்லாரும் என் கண்ணு முன்னாடி காராமணி தின்னணும். தின்னுட்டு, கறிய விட இதான் ருசின்னு சொல்லணும்."

இமாம் பேர ஓதி முடிச்சாரு. சட்டி வந்துது. மாமனாரு அள்ளி அள்ளித் தின்னாரு.

"ருசிடா! கறிய விட ருசி! இப்பக் குடு."

"சிரிச்சுக்கிட்டுல்ல சொல்றீங்க? அழுதுகிட்டே சொல்லணும். கிடா கெடையாது!"

திரும்பவும் ஒரே சிரிப்பு. சான்காரங்க வண்டி ஏறுற வரைக்கும் அதே பேச்சுதான். கறி இல்லாத விருந்துன்னு ஒருத்தரு மூஞ்சி சுளிக்கலை.

எனக்குத்தான் வயிறு எரிஞ்சுது. அறுப்புக் கூலியா தலையும் குடலும் எனக்குன்னு பேச்சு. என் பொண்டாட்டி வெங்காயம் உரிச்சு வச்சுக்கிட்டு உக்காந்திருப்பா. கெளம்பின சிபிரிய வழி மறிச்சேன்.

"ஏன்டா, கேலிக்கும் ஒரு அளவு இல்லையா? பச்ச ஒடம்புக்காரி வீடு. அவளுக்கு ஒரு வாய் சாறாவது வேணாமா?"

"குலிபாலிக்கு வாக்கப்பட்டவளுக்குக் காராமணித் தண்ணியே போதும்ணே."

"நீயெல்லாம் ஒரு மனுசனா?"

"டிராவோரேண்ணே!"

பல்லக் காட்டிட்டுப் போயிட்டான். கயிறு மட்டும் கழுத்துல ஆடுது.

நேரா தியெமோகோகிட்டப் போனேன். "எந்திரிப்பா. கோவிக்கக் கூடாதுங்கிறது உங்க ரெண்டு பேருக்கும்தான். எனக்கென்ன முறை? நான் வந்து நாலு கேள்வி கேட்டு, உன் கிடாவ ஓட்டிட்டு வந்து தரேன்."

அவன் எந்திரிக்கலை. கண்ணு கலங்கியிருந்துச்சு.

"வயல்ல போட்ட வெங்காயம் பூரா மழையில அழுகிப் போச்சுண்ணே. முந்தாநாளு ஆட்டுச் சந்தைக்குப் போயி, சும்மா நின்னுட்டுத் திரும்பி வந்தேன். வழியில சிபிரி என் வெறுங்கையப் பாத்தான். ஒண்ணும் கேக்கலை."

"அதுக்கும் இதுக்கும் என்னப்பா? இன்னிக்குக் கிடாவ ஓட்டிட்டுப் போயிருக்கான்ல?"

"எங்கிட்டக் கிடாவே இல்லையேண்ணே."