சிவப்புக் கட்டம்

தலைமையாசிரியை திரையை இரண்டாம் முறை படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். “ஏழாவது படிக்கிற பிள்ளைக்கு இப்படியெல்லாம் தோணுமா?” என்று கேட்டார். நூலகர் மடிக்கணினியை மெல்லத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

பள்ளி கொடுத்த டேப்லெட்டுகளில் பிள்ளைகள் என்ன தேடுகிறார்கள் என்று கவனிக்கும் செயலி அது. விபரீதமான தேடல் எதுவும் இருந்தால், மறுநாள் காலையில் அந்தப் பிள்ளையின் பெயரோடு நூலகரின் திரையில் ஒரு சிவப்புக் கட்டம் வரும். தட்டியதை முழுதாகக் காட்டாது. என்ன மாதிரித் தேடல் என்று ஒரு வரி மட்டும் சொல்லும். அன்றைய வரி, உயிரை விடுவதைப் பற்றியது.

அந்தச் செயலியைத் தேடிப் பிடித்து, தலைமையாசிரியையை நச்சரித்து வாங்க வைத்தவர் நூலகர்தான். பாடம் கேட்கும் தளம், வினாடிவினா தயாரிக்கும் தளம், புத்தகத்தை வாசித்துக் காட்டும் தளம் என்று ஆசிரியர்களுக்காக எத்தனையோ சேர்த்து வைத்திருந்தார். அவற்றை எட்டிப் பார்க்கவும் ஆளில்லை. இந்தச் செயலி வந்தபோது மட்டும் கணக்கு ஆசிரியர், புத்தகம் அடுக்குகிறவர் இப்போது போலீஸ் வேலையும் பார்க்கிறார் என்று எல்லோர் முன்னாலும் சொல்லிச் சிரித்தார்.

இன்று அவர் சிரிக்கவில்லை. விஷயம் காதில் விழுந்ததும் வகுப்புக்கு நடையைக் கட்டினார். இப்படி ஒரு நாளிலும் தனக்குள் சின்னதாக ஒரு பெருமை எட்டிப் பார்ப்பது நூலகருக்கே கூச்சமாக இருந்தது.

கட்டத்தில் பெயர் வந்த பெண்ணை அவருக்கு நன்றாகவே தெரியும். மணியடித்ததும் மற்ற பிள்ளைகள் வீட்டுக்குப் பறக்க, அவள் மட்டும் நூலகத்துக்கு வந்து ஜன்னலோரக் கணினியில் உட்கார்ந்து வீட்டுப்பாடத்தை முடித்துவிட்டுத்தான் கிளம்புவாள். புத்தக வாசனை பிடித்த பிள்ளை என்று நினைத்திருந்தார். உள்ளுக்குள் இத்தனை பாரத்தைச் சுமந்துகொண்டா அங்கே உட்கார்ந்திருந்தாள்?

பிள்ளையிடம் உடனே எதையும் கேட்கக் கூடாது, முதலில் பெற்றவர்களைக் கூப்பிட வேண்டும் என்பது செயலி வாங்கியபோது தந்த பயிற்சியில் சொல்லிக்கொடுத்தது. அம்மாவுக்குப் போன் போட்டார்கள். டேப்லெட்டையும் எடுத்து வரச் சொன்னார்கள்.

தேய்த்த புடவையும் வாரிய தலையுமாக, சொன்ன நேரத்துக்கு முன்பே அந்த அம்மா வந்துவிட்டாள். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். தலைமையாசிரியை சுற்றி வளைத்து விஷயத்துக்கு வந்தார். அழுகையை எதிர்பார்த்து நூலகர் தண்ணீர் டம்ளரைப் பக்கத்தில் நகர்த்தி வைத்திருந்தார். அந்த அம்மா அழவில்லை. முகம் வெளிறியது, அவ்வளவுதான்.

டேப்லெட் இருந்த பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, “தேடினதை அழிச்சிட்டாலும் உங்களுக்குத் தெரிஞ்சிடுமா?” என்று கேட்டாள்.

“தெரியும்மா. இதோட கண்ணுல மண்ணைத் தூவ முடியாது” என்றார் நூலகர். மகளின் பெயர் கெட்டுவிடுமோ என்று பயப்படுகிறாள் என நினைத்து, இந்தப் பள்ளியைத் தாண்டி விஷயம் போகாது என்றும் தைரியம் சொன்னார்.

பிள்ளையைத் தனியாக விடாதீர்கள், திட்டாதீர்கள், மனசு விட்டுப் பேச விடுங்கள் என்று தலைமையாசிரியை ஒவ்வொன்றாகச் சொன்னார். ஒவ்வொன்றுக்கும் அந்த அம்மா தலையாட்டினாள். பிறகு பையிலிருந்து டேப்லெட்டை எடுத்து மேசைமேல் வைத்து, இனிமேல் இது வேண்டாம், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றாள். இன்று மட்டும் பிள்ளை சாயங்காலம் வரை நூலகத்திலேயே இருக்கட்டும், வேலை முடிந்து அவளுடைய அப்பா வந்து கூட்டிப்போவார் என்றும் கேட்டுக்கொண்டாள்.

போவதற்கு முன் மகளை வராந்தாவுக்குக் கூப்பிட்டாள். கலைந்திருந்த முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டாள். சட்டைக் காலரை நீவிவிட்டாள். நீவியதையே மறுபடி நீவினாள். வகுப்புக்கு நேரமாகிறதென்று மகள்தான் அந்தக் கையை விலக்கிவிட்டு ஓடினாள். நூலகர் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“அம்மான்னா இப்படி இருக்கணும்” என்றார் தலைமையாசிரியை. நீங்கள் ஒரு உயிரைக் காப்பாற்றியிருக்கிறீர்கள் என்று நூலகரின் கையைப் பிடித்துக்கொண்டார். மதியச் சாப்பாட்டின்போது கணக்கு ஆசிரியர் தானாகவே வந்து மன்னிப்புக் கேட்டார். அந்தச் செயலியை இயக்கத் தனக்கும் சொல்லித்தர வேண்டும் என்றார்.

சாயங்காலம் பெண் வழக்கம்போல ஜன்னலோரக் கணினியில் உட்கார்ந்தாள். நூலகர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். பெற்றவர்களிடம் பேசிய பிறகு பிள்ளையோடு பேசலாம், அன்பாகப் பேச வேண்டும் என்பதும் பயிற்சியில் வந்ததுதான்.

“கண்ணு, உன்மேல யாருக்கும் கோபம் இல்ல. டேப்லெட்ல அதையெல்லாம் தேடுற அளவுக்கு உனக்கு என்னம்மா கஷ்டம்? எங்கிட்டச் சொல்லக் கூடாதா?”

பெண் விழித்தாள். பொய் சொல்கிற பிள்ளையின் விழிப்பை நூலகர் நிறையப் பார்த்திருக்கிறார். இது அது இல்லை.

“நான் எதுவும் தேடலையே மிஸ். நான்தான் எல்லாத்தையும் இங்கேயே முடிச்சிட்டுப் போயிடுறேனே” என்றாள் அவள்.

“அப்போ உன் டேப்லெட்?”

“அது எப்பவும் அம்மாகிட்டதான் இருக்கும், மிஸ்.”