பாதி போட்டாச்சே

சீட்டைப் பார்க்கும் முன்பே பணம் கட்டவேண்டிய இடங்கள் போக்கரில் இரண்டு. அன்று அமுதனுக்குப் பாதிப் பந்தயம், பக்கத்தில் அவன் மனைவி மிருதுளாவுக்கு முழுப் பந்தயம். அவனுக்கு வந்தவை ஒன்றுக்கும் உதவாத ஏழும் இரண்டும். கவிழ்த்துவிட்டு ஆட்டத்திலிருந்து விலகியிருக்கலாம்.

"பாதி போட்டாச்சே" என்று வழக்கம்போல மீதியையும் தள்ளினான்.

மிருதுளா உதட்டைச் சுழித்தாள். "நிச்சயதார்த்தம் முடிஞ்சிருச்சேன்னுதான எனக்கும் தாலி கட்டினீங்க?"

யாரும் சிரிக்கவில்லை. நடுவில் மூன்று சீட்டுகளைத் திறந்தார்கள். இனி முதலில் வாய் திறக்கவேண்டியவன் அமுதன். மேசையே அவனைப் பார்த்தது.

அவன் விரலால் மேசையை மெல்லத் தட்டினான். எனக்கு ஒன்றுமில்லை, அடுத்தவர் பேசலாம் என்று அர்த்தம்.

அடுத்தவள், முழுதாகக் கட்டியிருந்தவள், சீட்டுகளைக் கவிழ்த்துவிட்டு எழுந்தாள்.