பக்கத்து இருக்கையில் பை

மாலை பஸ்ஸில் ஏறும்போது எனக்கு உட்கார இடம் கிடைத்ததே இல்லை. ஜன்னலோரம் இருக்கும் செண்பகம் அக்கா, "குடு கண்ணு, நா வெச்சிக்கிறேன்" என்று என் பையை வாங்கி மடியில் வைத்துக்கொள்வார். மந்தைவெளி வந்ததும், "இந்தா புடி, நா எறங்கறேன். நீ குந்து" என்று திருப்பிக் கொடுப்பார்.

போன வருஷம் அவர் இறந்துபோனார். அதன்பின் அந்த நெரிசலைச் சகிக்க முடியாமல் கார் வாங்கினேன்.

காரிலும் நிம்மதி இல்லை. சிக்னலுக்குச் சிக்னல் தனியாக உட்கார்ந்து யாரையாவது திட்டுகிறேன். சட்டென்று பிரேக் போட்டால் பக்கத்து இருக்கையிலிருந்து தண்ணீர் பாட்டில் உருளும், செல்போன் விழும். அங்கேயே வைக்கும் என் பை மட்டும் அசையாது. ஆனால் மந்தைவெளி ஸ்டாப்பைத் தாண்டும்போது, பிரேக்கே போடாமல், அது மெல்லச் சரிந்து என் கைமேல் சாயும். எனக்கும் பழகிவிட்டது.

இன்று மெட்ரோ வேலைக்காக வழியை மாற்றி விட்டிருந்தார்கள். மந்தைவெளி வரவே இல்லை. அடையாறு போனது, திருவான்மியூரும் போனது.

இப்போது பாலவாக்கத்தில் என் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியிருக்கிறேன். பை இன்னும் நிமிர்ந்தே இருக்கிறது. வீட்டுச் சாவி அதற்குள்தான் கிடக்கிறது.

கேட்டு வாங்க எனக்கு வாய் வரவில்லை.