பெயரைச் சுற்றி இருக்கும் இடம்

“அதே ஃபான்ட், அதே சைஸ், அதே கலர். இதுக்கு மேல என்னடி வேணும் உனக்கு?” என்று ரூபன் மானிட்டரை என் பக்கம் திருப்பினான். எங்கள் நாடகத்துக்கு அவன்தான் போஸ்டர் செய்கிறான். நானும் மிருணாளினியும் அதில் அக்கா தங்கை. மேடைக்கு வெளியே நான் அவன் காதலி. எங்கள் இரண்டு பெயர்களின் எழுத்திலும் எந்த வித்தியாசமும் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மிருணாளினி என்ற பெயரைச் சுற்றி நாலாபுறமும் வெள்ளையாக இடம் விட்டிருந்தான், யாரும் அவளை இடித்துவிடக் கூடாது என்று கை நீட்டித் தடுப்பதுபோல. பவதாரிணி என்ற என் பெயரோ அரங்கத்தின் முகவரியோடு ஒட்டிக்கொண்டு, கூட்டமான பஸ்ஸில் நிற்பதுபோல நின்றது.

“அவளுக்கு மட்டும் எதுக்குடா இவ்ளோ இடம்?”

“அது பேலன்ஸுக்கு. டிசைன் தெரியாதவங்களோட இதான் தொல்லை.”

“சரி, ரெண்டு பேரையும் மாத்திப் போடு, பாப்போம்.”

“லூசு,” என்று சிரித்துக்கொண்டே மாற்றினான். அவள் இடத்தில் என் பெயர் வந்து உட்கார்ந்தது. இரண்டும் ஏறக்குறைய ஒரே நீளம்தான். எனக்குக் கொஞ்சம் நெஞ்சு ஆறியது. ரூபன் நாற்காலியில் பின்னால் சாய்ந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தான்.

“என்னமோ காலியா இருக்கே,” என்று முனகியபடி, கீழே இருந்த டிக்கெட் விவரத்தை மேலே இழுத்து என் பெயரோடு ஒட்டவைத்தான். என்னிடம் கேட்கக்கூட இல்லை, கை தானாகப் போனது.

நீங்களே சொல்லுங்கள், அங்கே அவள் பெயர் இருந்த வரைக்கும் அவனுக்கு அந்த இடம் ஏன் காலியாகத் தெரியவில்லை? உங்களுக்கு என்ன தோன்றுகிறது?