சிவப்பைக் கண்டால் ஜப்பான்

"செவப்பு ஐயா, செவப்பு! ரெண்டு ரெக்கையிலயும் வட்டமா, நல்ல ரத்தச் செவப்பு! ஜப்பான்காரன் வந்துட்டான்!"

ஐந்தருவிக்கு மேலே பாறையில் போட்டிருந்த காவல் கொட்டகையில் நின்று, டெலிபோன் குழலையே விழுங்கிவிடுவது போலக் கத்தினார் சிவசைலம். விமானம் மலைக்கும் ஊருக்கும் நடுவே, அவர் காலுக்குக் கீழே தாழப் பறந்து போயிருந்தது. ஊரில் இருப்பவர்களுக்கு அதன் வயிறுதான் தெரியும். இவருக்கு இறக்கையின் மேற்புறம் தாம்பாளத்தில் வைத்து நீட்டியது போலத் தெரிந்தது.

தென்காசியில் சங்கு ஊதியது. குற்றாலத்து அருவியில் தலையைக் கொடுத்து நின்றவர்கள், எண்ணெய் வடிய, கட்டிய துண்டோடு கடைத்தெருவில் விழுந்தடித்து ஓடினார்கள். எல்லாம் நடந்தது, குண்டு மட்டும் விழவில்லை.

சிவசைலத்துக்கு உள்ளூரப் பெருமை. இருக்காதா? வானத்தைப் பார்க்கும் இந்த வேலைக்குக் காக்கிச் சட்டை மாட்டிய ஒரு வருஷத்தில் இரண்டு முறை அவர் மானம் போயிருந்தது. முதலில் அவர் பார்த்துச் சொன்ன எதிரி விமானம், கழுகு. அடுத்த முறை, மேகத்துக்குள் ரெண்டு இன்ஜின் சத்தம் கேட்கிறது என்றார். அது செங்கோட்டையிலிருந்து முன்னும் பின்னும் இன்ஜின் பூட்டி மலையேறிய ரயில்.

"மூணாந்தடவையும் தப்பாச் சொன்னீருன்னா வேலையும் கெடையாது, பீதியக் கெளப்புனதுக்கு ஆறு மாசம் உள்ள" என்று ஆபீசர் தேவசகாயம் அன்றைக்கே கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

ஒரு மணி நேரத்தில் ஆபீசரின் வேன் அருவிக் கரைக்கு வந்து நின்றது. முன்னால் இரண்டு வாழைக்கன்றும் மூக்கில் சந்தனமுமாக, கல்யாண வீட்டு வண்டி மாதிரி இருந்தது. மிச்ச தூரத்தை ஆபீசர் மூச்சிரைக்க ஏறினார். அவர் பெட்டியைச் சுமந்துகொண்டு டிரைவர் சுடலைமாடன் பின்னாலேயே வந்தான்.

பாராட்டத்தான் வருகிறார் என்று சிவசைலம் விறைப்பாக ஒரு சலாம் வைத்தார்.

"கையக் கீழ போடும்வே! அது நம்ம வெள்ளக்காரப் பட்டாளத்து ஹரிக்கேன் பிளேன். காலம்பற எண்ணெய்க் குழாய் அடச்சிக்கிட்டு, தென்காசிக்குக் கெழக்க வத்துன குளத்துத் தரையில எறங்கிச்சு. சரிபண்ணிக்கிட்டு, அத ஓட்டுற தொரை திரும்பிப் போறாரு. அவரப் போயி ஜப்பான்காரன்னுட்டீரு!"

"ஐயா, செவப்பு வட்டத்த என் ரெண்டு கண்ணாலயும் பாத்தேன். செவப்பக் கண்டா ஜப்பான்னு நீங்கதானே சொல்லிக் குடுத்திய?"

"செவப்பு இருந்தாத்தானவே? நம்ம பிளேன்ல நடுவுல இருந்த செவப்ப அழிச்சு மூணு மாசமாச்சு. இப்ப நீல வட்டம், நடுவுல வெள்ளை. அம்புட்டுதான். எதுக்கு அழிச்சான்? உம்ம மாதிரி ஆளு கொழம்பிறக் கூடாதுன்னுதான்."

ஆபீசர் பெட்டியைத் திறக்கச் சொல்லி ஒரு தாளை எடுத்தார். "எனக்குக் கண்ணு கோளாறு, இல்லாதத இருக்குன்னு சொல்லிட்டேன்னு எழுதிக் கையெழுத்துப் போடும். ஜெயிலுக்குப் போகாம வீட்டுக்காவது போகலாம்."

சிவசைலம் பேனாவை வாங்கினார். நாலு வார்த்தை எழுதினால் ராத்திரிச் சோற்றுக்கு வீட்டில் பெண்டாட்டி ஆவுடைத்தாயிடம் போய்விடலாம். ஆனால் பச்சை நெல்லுக்குள் பச்சைக் களையை இருபது வருஷம் பிரித்துப் பார்த்த கண் அது. அதைப் பொய் என்று எழுதுவதா?

பேனாவைத் தாளின் மேலேயே வைத்துவிட்டார். "வேல போனாப் போகட்டும் ஐயா. உள்ள போடணும்னாலும் போடுங்க. நான் பாத்தது செவப்பு."

"கழுகக் கண்டு பிளேன்னு சொன்ன கண்ணுக்கு ரோசத்தப் பாரு!" ஆபீசருக்குக் கோபம் தலைக்கேறியது. மனுஷனைச் சாட்சி வைத்தே மடக்கிவிடுவது என்று டிரைவர் பக்கம் திரும்பினார். "ஏலே சுடலை! காலையில பூரா அந்தப் பிளேனுக்கு நீதானலே காவல் நின்ன? இந்த மனுசன்ட்ட நீயே சொல்லு. அதுல ஒரு பொட்டுச் செவப்பு இருந்துதா?"

"நான் போகையில இல்ல ஐயா" என்றான் சுடலைமாடன். "பாவம், மூளியாத்தான் நின்னுது."

"கேட்டுக்கிடும்வே!" என்று சிவசைலத்தைப் பார்த்துச் சிரித்த ஆபீசர், சட்டென்று சிரிப்பை நிறுத்தினார். "அது என்னலே, போகையில இல்ல?"

"ஆயுத பூசையும் அதுவுமா அப்பிடியே அனுப்ப மனசு வரல ஐயா. தொரை சாப்பிடப் போன நேரத்துல ஒரு சட்டிக் குங்குமத்த எண்ணெயில கொழச்சு, ரெண்டு ரெக்கைக்கும் நாந்தான் வச்சு விட்டேன். தொரையும் பாத்துச் சிரிச்சிக்கிட்டுத்தான் ஏறுனாரு."

கையெழுத்து விழாத தாளை ஆபீசர் பெட்டிக்குள் திணித்தார்.

அவர் முழிப்பதைப் பார்த்து, தான் செய்ததில் என்ன குற்றம் என்று புரியாமல் சுடலைமாடன் சொன்னான்:

"பொட்டு வைக்கத்தானய்யா நடுவுல வெள்ளையா எடம் விட்டிருந்தாவ!"