சுத்தமான ரத்தம்

உண்ணி ஆய்வுப் பிரிவுக்குத் தலைமைப் பதவி ஒன்றுதான், போட்டி இருவருக்குள். உடும்பு, பாம்பு, ஆமைகளின் மேல் ஒட்டியிருந்த உண்ணிகளைப் பிடுங்கி, அவற்றில் இருந்த கிருமிகளைக் கண்டுபிடித்தவருக்கே அது கிடைக்கும்.

"எட்டு வருஷமா, கையுறைகூட இல்லாம, ஒவ்வொண்ணா நானேதான் புடுங்கினேன்," என்றார் பேராசிரியர், இயக்குநர் அம்மாவிடம்.

"சார் உடும்பு ரூமுக்குள்ள வந்ததே இல்ல மேடம். புடுங்கினது நான்," என்றாள் ஆய்வு உதவியாளரான பெண்.

"டப்பா கழுவுறவளுக்கு வாயைப் பாரு!"

இயக்குநர் அம்மா இருவரையும் ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினார். பேராசிரியர் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார். நோயாளிக்கு யார் பதவி கொடுப்பார்கள்?

மறுவாரம் முடிவு வந்தது. அவள் ரத்தத்தில் மூன்று வகை உண்ணிக் கிருமிகள் வந்துபோன தடயம். அவர் ரத்தமோ பளிங்குபோல் சுத்தம்.

"பார்த்தீங்களா மேடம்? கிருமி மூட்டை! பக்கத்துல உக்காரவே அருவருப்பா இருக்கு." மூக்கைப் பொத்திக்கொண்டு நாற்காலியை நகர்த்தினார்.

இயக்குநர் அம்மா நியமன உத்தரவில் அவள் பெயரை எழுதினார்.

"மேடம், என் ரத்தம்தானே சுத்தம்!"

"அதான் சார் விஷயமே. எட்டு வருஷம் வெறுங்கையால புடுங்கியும், ஒரு உண்ணிகூட உங்களைச் சீண்டலையே?"